நான்கு லேன் கார்டுக்கு எந்த மதர்போர்டு?

ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 2022 ஜனவரியில் வந்த பட்ஜெட் கார்டு. பழைய கம்ப்யூட்டரில் செருகி கேம் ஆடலாம் என்று நினைப்பவர்களே இதை அதிகம் தேடுகிறார்கள். ஆனால் இந்தக் கார்டு திணறுவதே பழைய மதர்போர்டில்தான்.

கார்டின் தொடுமுனை x16 ஸ்லாட்டின் முழு நீளத்துக்கு இருக்கிறது. உள்ளே டேட்டா போவதோ நான்கே லேன்களில், அதாவது தடங்களில். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அந்த நான்கு லேன்கள் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி கடத்தும், 3.0 போர்டில் அது பாதியாகிவிடும். கார்டில் இருக்கும் மெமரி 4 ஜிபிதான். அது நிரம்பியதும் மீதி டெக்ஸ்சர்கள் ரேமிலிருந்து இந்தக் குறுகிய வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ரைசன் 5 5600 பிராசசர், பி550 போர்டு. பயாஸில் ஸ்லாட்டை ஜென் 4 (அதாவது 4.0), ஜென் 3 (3.0) என்று மாற்றி மாற்றி வைத்து 'ஷேடோ ஆஃப் தி டூம் ரெய்டர்' ஓட்டிப் பார்த்தேன். டெக்ஸ்சர் குறைவாக இருக்கும்வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதை உயர்த்தியதும், ஜென் 3-இல் கேமரா திரும்பும்போதெல்லாம் காட்சி வெட்டி வெட்டி வந்தது. ஜென் 4-இல் அதே இடம் சமாளிக்கும்படி ஓடியது.

அப்படியானால் பி550 வாங்கினால் போதுமா? போதாது. கிராபிக்ஸ் ஸ்லாட்டின் லேன்கள் பிராசசரிலிருந்து நேராக வருபவை. அதே பி550-இல் ரைசன் 5 5600ஜி போட்டால் கிடைப்பது 3.0தான். இன்டெலிலும் இதே கதை: பி560 போர்டில் 10ஆம் தலைமுறை பிராசசர் என்றால் 3.0, 11ஆம் தலைமுறை என்றால் 4.0. பி450, ஏ320, ஏ520 சிப்செட்களில் 4.0-க்கு வழியே இல்லை. கடையில் சிப்செட் பெயரை மட்டும் கேட்டுவிட்டு கார்டை எடுத்துக் கொடுத்தால், பிராசசர் எது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பி450 வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஆர்எக்ஸ் 6600. அதில் எட்டு லேன், 8 ஜிபி மெமரி. 3.0 போர்டிலேயே 6500 எக்ஸ்டிக்கு 4.0-இல் கிடைக்கும் வேகம் இதற்குக் கிடைத்துவிடுகிறது. மெமரி இரட்டிப்பு என்பதால் ரேமிடம் போக வேண்டிய தேவையும் குறைவு. பவர் சப்ளையில் 8 பின் கேபிள் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 6500 எக்ஸ்டியில் வீடியோ என்கோடரும் கிடையாது. கேம் ஆடிக்கொண்டே ரெக்கார்டு செய்பவர்களுக்கு, போர்டு எதுவானாலும் அந்தக் கார்டு வேண்டாம் என்பேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஜிபியு-இசட் மென்பொருளில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' வரியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அது 1.1 என்று காட்டலாம், பயப்பட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டால் உண்மையான வேகம் தெரியும். 4.0-க்கு இடமிருந்தும் 3.0 என்று நின்றால், பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென் 4 என்று மாற்றி வையுங்கள்.