ஒரு சொட்டு ரத்தத்தின் சாட்சியம்

2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபின், தன்னார்வலர் வந்து சுகர் பார்ப்பது வீட்டு வாசலிலேயே நடக்கிற காரியம் ஆகிவிட்டது. ஒருநாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத எங்கள் அல்லிநகரத்துக்காரருக்கு இது பெரிய உதவி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் கருவி காட்டும் எண்ணை எதுவரை நம்பலாம் என்பதே என் கேள்வி.

குளுக்கோமீட்டரின் ஸ்ட்ரிப்பில் ஒரு நொதி இருக்கிறது. அது ரத்தத்துச் சர்க்கரையோடு வினைபுரியும்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக்கித் தருகிறது. 1962இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த யோசனை இது. ஐஎஸ்ஓ 15197 தரம், 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்ட அனுமதிக்கிறது. வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவின் எல்லை. உண்மையில் 115 உள்ளவருக்குக் கருவி 130 காட்டலாம். 135 உள்ளவருக்கு 118 காட்டலாம். முன்னவர் வீணாகப் பயப்படுவார். பின்னவர் நிம்மதியாக வீட்டிலேயே இருந்துவிடுவார். எனக்குக் கவலை பின்னவரைப் பற்றித்தான்.

இன்னொரு பிழை, எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கே உரியது. கம்பம், சுருளிப்பட்டி பக்கம் பன்னீர் திராட்சை பறிப்பவர்களின் விரலில் பழச்சாறு ஒட்டியிருக்கும். திராட்சை உரித்த விரலில் எடுத்த ரத்தம் சர்க்கரையைப் பல மடங்கு கூட்டிக் காட்டியதையும், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் பிழை போகாததையும், தண்ணீரில் கழுவியதும் சரியானதையும் 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது பஞ்சுத் துடைப்பு மட்டும்தான்.

ரத்தசோகையும் குறுக்கே வருகிறது. சிவப்பணு குறைந்தால் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். 15 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தசோகைக்கு ஈடுகட்டிக் கணக்கிடும் மீட்டர்கள் இருக்கின்றன. அரசு கொள்முதலில் அவற்றையே கேட்க வேண்டும். பராமரிப்பும் முக்கியம்: ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தாலும், சித்திரை வெயிலில் பையிலேயே கிடக்கவிட்டாலும் நொதி கெட்டுப்போகும்.

இத்தனை குறை இருந்தும் கருவியை ஒதுக்க மாட்டேன். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர் மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க இது போதும். எவருக்குச் சந்தேகம் என்று கண்டுபிடிக்கவும் போதும். 'உங்களுக்குச் சுகர் இருக்கிறது' என்று முடிவு சொல்ல மட்டும் போதாது. அதற்கு நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். தன்னார்வலரின் பையில் மீட்டரைச் சரிபார்க்கும் கரைசலும் இருக்க வேண்டும். அதைக் கொடுப்பது அரசின் பொறுப்பு.

உங்கள் வீட்டுக்கு அவர் வரும்போது விரலை நீட்டுமுன் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்.