காரிலேயே காத்திருக்கும் பையன்

1966 ஜனவரி 12-ஆம் தேதி இரவு அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘பேட்மேன்’ தொடர் தொடங்கியது. முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி. ரிட்லர் என்கிற விடுகதைத் திருடனைத் தேடி பேட்மேனும் ராபினும் ஒரு நடன விடுதிக்கு வந்து சேர்கிறார்கள். காரைவிட்டு இறங்குவது பேட்மேன் மட்டும்தான். ராபினுக்கு வயது போதாது. மது பரிமாறும் இடத்துக்குள் அவனை அழைத்துப்போனால் சட்ட மீறல். பையனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கூர்க்காது முகமூடியும் தழையத் தழைய நீல மேலங்கியுமாக உள்ளே நுழைகிறான். மேசை போடட்டுமா என்று கேட்கிறார் விடுதிக்காரர். வேண்டாம், நாலு பேர் கண்ணில் படக்கூடாது, பாரிலேயே நின்றுகொள்கிறேன் என்கிறான். சற்று நேரத்தில் மயக்க மருந்து கலந்த ஆரஞ்சு ஜூஸைக் குடித்துவிட்டு, விரல்களைப் பிரித்துக் கண்ணுக்குக் குறுக்கே இழுத்து இழுத்து ஆட ஆரம்பிக்கிறான். வெளியே தனியாக இருந்த பையனை ரிட்லர் மயக்கித் தூக்கிப்போகிறான். அத்தியாயம் முடியும்போது, பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்க வைத்திருப்பார்களே, அந்த வைஸுக்குள் பையனின் தலை.

வேடம் போட்ட வீரன், கூடவே ஒரு பொடியன், எதிரே கோமாளித்தனமான திருடர்கள் என்கிற கதைவகையின் அருமையும் கோளாறும் இந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. உள்ளே நடப்பது அருமை. கோளாறு காரில் இருக்கிறது.

அருமையை முதலில் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஆசை அதிகம்.

இந்தத் தொடரில் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், யாருமே சிரிக்காததிலிருந்து வருகிறது. பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் ஒவ்வொரு வசனத்தையும் பட்ஜெட் வாசிக்கும் நிதியமைச்சரின் முகத்தோடு சொல்வார். ராபினாக வந்த பர்ட் வார்ட் ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியமாகக் கத்துவார். அதிலும் கேலி கிடையாது, அத்தனையும் உண்மையான திகைப்பு. நம் சினிமாவில் நாயகனின் நண்பன்தான் சிரிக்க வைக்கிறவன். நாயகன் மிடுக்காக இருந்துகொள்வான். இங்கே அந்தப் பங்கீடே இல்லை. இருவரும் ஒரே அளவுக்கு மிடுக்கு, ஆகவே இருவரும் ஒரே அளவுக்கு வேடிக்கை. பின்னணிச் சிரிப்பொலியும் சேர்க்கவில்லை. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராததால், எட்டு வயதுக் குழந்தை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்த அதே காட்சியை, பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் திட்டமிட்டதே இந்த இரட்டைப் பார்வையைத்தான். பதற்றம் பொங்கும் அந்த அறிவிப்பாளர் குரலும் அவருடையதுதான்.

கைவேலையும் சாதாரணமில்லை. திருடர்களின் பதுங்கிடம் வந்தாலே கேமரா சாய்ந்துவிடும். கோணல் புத்திக்காரர்கள் இருக்கும் இடமும் கோணல். தமிழில் இதை விளக்கவே வேண்டியதில்லை. இருவரும் கயிற்றைப் பிடித்துச் சுவர் ஏறும் காட்சிகளுக்குச் சுவரைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். ஆட்கள் குனிந்து நடந்தார்கள், அவ்வளவுதான். ஏறும்போது ஒரு ஜன்னல் திறந்து யாராவது பிரபலம் தலையை நீட்டிக் குசலம் விசாரிப்பார்; அந்த வரிசையைத் தொடங்கிவைத்தவர் நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ். ஜோக்கர் என்கிற திருடனாக நடித்த சீஸர் ரொமேரோ தன் மீசையை மழிக்க மறுத்துவிட்டதால், அதன்மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசிவிட்டார்கள். நெருக்கக் காட்சிகளில் மீசை முடி தெளிவாகத் தெரியும். யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பொய் என்று தெரிந்தே போடப்பட்ட வேடத்தில் ஒட்டு தெரிந்தால் என்ன குறை?

அதே 1966-இல் வந்த திரைப்படத்தில் இதன் உச்சம் இருக்கிறது. திரி எரியும் பெரிய கறுப்புக் குண்டு ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பேட்மேன் துறைமுக மேடையில் ஓடுகிறான். எறிய ஓரிடம் வேண்டும். இந்தப் பக்கம் கன்னியாஸ்திரிகள், அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய், வாத்தியக் குழு ஒன்று, தண்ணீரில் எறியலாம் என்றால் வாத்துக் குஞ்சுகள். யாருக்கும், ஒரு வாத்துக்கும்கூட, தீங்கு வரக்கூடாது என்கிற அறத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால் அது எவ்வளவு அபத்தமாகவும் எவ்வளவு அழகாகவும் இருக்கிறது என்பதை, ஒரு பிரசங்கம் இல்லாமல் காட்டிவிடுகிறது அந்த ஓட்டம். பின்னாளில் இருட்டும் இறுக்கமுமாக எடுக்கப்பட்ட பேட்மேன் படங்களில் இதற்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

இனி கார்.

துணைக்கு ஒரு பையன் எதற்கு? 1939-இல் டிடெக்டிவ் காமிக்ஸின் 27-ஆம் இதழில் பேட்மேன் அறிமுகமானபோது அவன் தனியாள், இருண்டவன். கதையாசிரியர் பில் ஃபிங்கருக்கு ஒரு தொழில் சிக்கல்: தனியாகத் துப்பறிகிறவன் யாரிடம் பேசுவான்? ஷெர்லக் ஹோம்ஸுக்கு வாட்சன் இருந்ததுபோல இவனுக்கும் ஒரு காது வேண்டும். 1940 ஏப்ரல் தேதியிட்ட 38-ஆம் இதழில் ராபின் வந்தான். சர்க்கஸ் ஊஞ்சல் கலைஞர்களின் மகன். பணம் பறிக்கும் கும்பல் அவன் பெற்றோரைக் கொன்றுவிட்டது. விற்பனை எகிறியது. உடனே எல்லா வீரர்களுக்கும் ஆளுக்கொரு பையன் முளைத்தான்: ஹியூமன் டார்ச்சுக்கு டோரோ, கேப்டன் அமெரிக்காவுக்கு பக்கி, கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடி.

ஆக, பையன் பிறந்ததே கேள்வி கேட்க. வாசகனின் கேள்வியை அவன் கேட்பான், வீரன் விளக்குவான். தொலைக்காட்சித் தொடர் இதை ஒரு வகுப்பறையாகவே மாற்றிக்கொண்டது. பாய்ந்து ஏறிய காரிலும், திருடன் தப்பிக்கொண்டிருக்கும்போதும், முதலில் சீட் பெல்ட் போடு என்பான் பேட்மேன். புதிய கார்களில் சீட் பெல்ட் கட்டாயம் என்ற விதி அமெரிக்காவில் நடப்புக்கு வந்ததே 1968-இல்தான். வாத்தியார் முந்திக்கொண்டார் என்று சொல்லலாம். நல்ல பாடம்தான். ஆனால் 120 அத்தியாயம் பாடம் கேட்டும் மாணவன் ஒரு வகுப்புகூட மேலே போகவில்லை என்பது இந்தப் பள்ளியைப் பற்றி என்ன சொல்கிறது?

வளரவிட்டால் கதை முடிந்துவிடும். புதன்கிழமை சிக்க வேண்டும், வியாழக்கிழமை தப்ப வேண்டும்; முதல் இரண்டு பருவங்களின் தாளம் அது. சிக்குவதற்குச் சௌகரியமானவன் பையன். இந்தத் தாளத்தில் எதற்கும் எடை ஏறாது. தலை வைஸுக்குள் போனாலும் அடுத்த நாள் முடிகூடக் கலையாது. பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளை என்கிற அவன் பின்கதையைத் தொடர் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுகொண்டிருந்தால் சிரிப்பு நின்றுபோயிருக்கும், உண்மைதான். திருட்டுக்கும் இதே கதி. வைரம், ஓவியம், அருங்காட்சியகத்துச் சிலை என்று பறிபோவதெல்லாம் பணக்காரர்களின் உடைமை. வாடகைப் பணம் திருட்டுக்கொடுத்த ஒரு குமாஸ்தாவைக் கதை நடக்கும் காத்தம் நகரில் தேடிப் பாருங்கள். காவல்துறைக்கோ பேட்மேனை அழைக்கச் சிவப்புத் தொலைபேசியை எடுப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

சூத்திரம் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதற்குச் சண்டைக் காட்சிகளே சாட்சி. முதல் பருவத்தில் ‘பவ்!’, ‘ஸாக்!’ போன்ற ஒலிச்சொற்கள் அடிவிழும் படத்தின்மேலேயே வெடித்தன. காமிக்ஸ் பக்கம் உயிர்பெற்றதுபோல இருந்தது. அப்புறம் செலவைக் குறைக்க, தனியாக வண்ண அட்டையில் எழுதி நடுவில் செருகினார்கள். அடியும் சொல்லும் பிரிந்தன. சிரிப்பும் கொஞ்சம் பிரிந்தது. மூன்றாம் பருவத்தில் வாரம் ஒருநாள் என்று சுருங்கி, 1968 மார்ச்சில் தொடர் முடிந்தது.

பையனைக் குறித்த சந்தேகங்கள் தொடருக்கு முன்பே உண்டு. 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம், வளர்ந்த ஆணும் சிறுவனும் ஒரே வீட்டில் வாழ்வதில் ஓரினச்சேர்க்கைச் சாயலைக் கண்டு ஒரு புத்தகத்தில் கண்டித்தார். அவர் கவலை தவறான கவலை என்பேன். ஒரு சிறுவனை அன்றாடம் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே என்று அவர் கேட்டிருந்தால் அவரோடு நானும் சேர்ந்திருப்பேன்.

படப்பிடிப்பிலும் இதே கதைதான் என்பதுதான் வேடிக்கை. ஆடம் வெஸ்டின் முகமூடி முகத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடும். ஆபத்தான காட்சியில் அவருக்குப் பதில் யாரும் நிற்கலாம். ராபினின் முகமூடி கண்ணைச் சுற்றி ஒரு துண்டு. மாற்று ஆள் போட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்று பர்ட் வார்டையே நிற்கவைத்தார்கள். அடிபட்டு மருத்துவமனைக்குப் போய்வந்த கதைகளை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் தன் சம்பளம் வாரத்துக்கு 350 டாலர் என்றும் சொல்லியிருக்கிறார்.

காமிக்ஸில் நிலைமை இன்னும் மோசம். 1988-இல் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் வாழ்வதா சாவதா என்று வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். வாழட்டும் என்றவர்கள் 5,271 அழைப்பு, சாகட்டும் என்றவர்கள் 5,343. எழுபத்திரண்டு அழைப்பு வித்தியாசத்தில் செத்தான். இறுக்கமான கதைகளின் காலம் அது என்பார்கள். ஆனால் பையனை எப்போது வேண்டுமானாலும் பணயம் வைக்கலாம் என்ற பழக்கத்தை அந்த வாசகர்களுக்கு ஊட்டியது விளையாட்டுக் கதைகள்தான்.

மூன்றாம் பருவத்தில் பேட்கேர்ளாக இவோன் கிரெய்க் சேர்ந்தார். துணைவனுக்கும் கீழே ஒரு துணைவி. காலால் உதைக்கலாம், கையால் குத்தக் கூடாது. பெண்மைக்கு அது பொருந்தாதாம். ஆனால் தொடர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக எடுத்த ஒரு சிறு விளம்பரப் படத்தில் அவர் திரும்பி வந்தார். ராபினாக மறுபடியும் பர்ட் வார்ட், பேட்மேனாக வேறொருவர். வீரனும் பையனும் கட்டுண்டு கிடக்கிறார்கள், பக்கத்தில் குண்டு டிக் டிக்கென்கிறது. காப்பாற்ற வந்த பேட்கேர்ள் கட்டை அவிழ்க்காமல் நிற்கிறாள். செய்வது ஒரே வேலை, முதலாளியும் ஒரே ஆள், எனக்கு மட்டும் ஏன் ராபினைவிடக் குறைந்த கூலி என்று கேட்கிறாள். இது விளையாடுகிற நேரமா என்கிறான் பேட்மேன். விளையாட்டில்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்பது சட்டம் என்கிறாள். குண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. அறிவிப்பாளர் குரல் பழைய பதற்றத்தோடு கேட்கிறது: காப்பாற்றுவாளா? கூலி கிடைக்குமா?

விடை அந்தப் படத்தில் இல்லை. தொழிலாளர் துறையின் கூலிப் பிரிவைத் தொடர்புகொள்ளச் சொல்லிவிட்டு முடிந்துவிடுகிறது.