முந்நீர் யாருக்கு வேலி?

கடலுக்கு நெடுந்தொலைவில் கிடப்பது தருமபுரி. அலையோசை எட்டாத அந்த மண்ணின் படிப்பகம் ஒன்றில் அண்மையில் கடலைப் பற்றிய வழக்கொன்று எழுந்தது. மேற்படிப்புக்காக அயல்நாடு செல்ல விழைந்த பெண்ணொருத்தியைத் தடுக்கத் தமிழறிந்த பெரியவர் ஒருவர் தொல்காப்பியத்தையே துணைக்கு அழைத்தார். "கடற்செலவில் பெண்ணுக்கு இடமில்லை. இதைச் சொன்னவர் மனு அல்லர், நம் தொல்காப்பியர்!" என்றார். கூடியிருந்த இளைஞர்கள் வாயடைத்துப் போயினர்.

மனு சொன்னால் மறுப்போம்; தமிழ்நூல் சொன்னால் தலைகவிழ்வோம் என்று இருப்பதா பகுத்தறிவு? அந்நூல் என்ன சொல்கிறது என்று ஆராயாமலே அஞ்சுவதா அறிவுடைமை? ஆராய்வோம், தோழர்களே!

வழக்குக்கு வித்தான சொல் 'முந்நீர்'. கடலைக் குறிக்கும் பழஞ்சொல் அது. ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தது முந்நீர் என்பர் சிலர். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் அதனை ஒப்பவில்லை; மண்ணைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முச்செய்கை உடைமையால் வந்த பெயர் என்றார். 'முன்னீர்' என்று கொண்டு, நிலம் தோன்றுமுன்னே இருந்த நீர் என்பாரும் உளர். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள்! முன்னோர் உரையை மறுப்பது குற்றமென்று அடியார்க்கு நல்லார் அஞ்சினாரில்லை. காரணம் காட்டி மறுத்தார். அந்தத் துணிவு நமக்கு வேண்டாமா?

இனி, பெரியவர் நீட்டிய நூற்பாவுக்கு வருவோம். தொல்காப்பியம் அகத்திணையியலில் உள்ளது அது. தலைவன் முந்நீர் வழக்கம் மேற்கொள்ளும்போது தலைவியை உடன்கொள்வதில்லை என்பது அதன் கருத்து. முந்நீர் என்பதற்குக் கடல் என்றே பொருள் கொண்டார் இளம்பூரணர். நச்சினார்க்கினியரோ, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மையால் பிரியும் பிரிவு என்று உரைத்தார். அவர் உரையில் கடலே வற்றிப் போயிற்று! உரையாசிரியர் இருவர் ஒன்றுபடாத ஒரு சொல்லை எடுத்து, இன்றைய பெண்ணின் காலுக்கு விலங்கு செய்வது எந்த அறம்?

கடல் என்ற பொருளே பொருந்தும் என்று நாமும் கொள்கிறோம். அப்போதும் அது சட்டமாகிவிடாது. அகத்திணையியல் ஊராளும் சட்டநூலன்று, பாட்டின் இலக்கணம். பாலைப் பாட்டுக்குப் பிரிவு வேண்டும். காதலர் இருவரும் ஒரே மரக்கலத்தில் ஏறிவிட்டால் பிரிவு ஏது? பாட்டு ஏது? ஆகவே தலைவியைக் கரையில் நிறுத்தினர். அந்நாளில் பெண்டிர் கலமேறும் வழக்கம் அருகியும் இருந்திருக்கலாம். அதை மறைக்க வேண்டுவதில்லை. மதித்துப் போற்ற வேண்டுவதுமில்லை. இருந்ததைச் சொல்வது இலக்கணம். இருந்தது போலவே என்றும் இருக்க வேண்டுமென்பது ஆதிக்கம்.

இந்த ஆதிக்க மனம் காப்பியத்திலும் தன் நிழலை வீழ்த்தியிருக்கிறது. மணிமேகலையில் சாவக மன்னன் புண்ணியராசன் கப்பலேறி மணிபல்லவம் செல்கிறான். மணிமேகலையோ மந்திர வலியால் வான்வழியே செல்கிறாள். துறவியாகிய பெண்ணைச் சமயக் கணக்கரோடு எதிர்நிற்க வைத்த சாத்தனாருக்கும் அவளைக் கப்பலில் ஏற்றத் தோன்றவில்லை. பெண்ணுக்கு விண்ணையே விட்டுக்கொடுத்தனர். மரக்கலத்தில் ஒரு பலகை கொடுத்தாரில்லை!

வரலாறு மந்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' கப்பல் நேட்டால் கரையை அடைந்தபோது, அதிலிருந்து இறங்கிய கூலிகளில் பெண்களும் இருந்தனர். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று ஒப்பந்தக் கூலி முறையில் விதியே வகுத்தனர். தருமபுரியையும் உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்திலிருந்து ஏழை மக்கள் குடும்பம் குடும்பமாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போயினர். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அந்தப் பெண்கள் கடல் கடந்தது விடுதலைக்காக அன்று, வயிற்றுக்காக. அன்று எந்தப் புலவரும் முந்நீர் வழக்கத்தை எடுத்தோதி அவர்களைத் தடுத்ததாகக் கேட்டதில்லை. கூலியாகப் போகும்போது திறந்த கடல், கல்விக்காகப் போகும்போது மட்டும் மூடிக்கொள்ளுமோ?

கடைசியாக ஒன்று. ஓதல், தூது, பொருள் ஆகியவற்றுக்குப் பெண்ணை உடன்கொள்ளலாகாது என்ற நச்சினார்க்கினியர் உரையைத் தருமபுரியில் நின்று படித்துப் பாருங்கள். அவ்வூர்தான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தொண்டைமானிடம் தூது செல்ல அவன் தேர்ந்தெடுத்தது யாரை? ஔவையை! தூதனுக்குத் துணையாகச் சென்றாளில்லை, தூதே அவள்தான். போர் வெறி கொண்டவன் முன் நின்று சொல்லால் பேசினாள் அந்தப் பெண்.

தகடூர் மண்ணுக்குரிய மரபு அது. மரபு வேண்டுமென்பார் அதனைக் கொள்ளட்டும். முந்நீர் என்பது கடலின் பெயர்; வேலியின் பெயரன்று. அந்தப் பெண் கலமேறட்டும்!