அந்த ஐந்து பேர்

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொடரில் மனிதர்களைப் போலவே இருக்கும் சைலான்கள் மொத்தம் 12 மாதிரிகள் என்றார்கள். ஏழு தெரிந்துவிட்டது. மீதி ஐந்து பேர் யாரென்று ரசிகர்கள் காட்சிக்குக் காட்சி தடயம் தேடினார்கள். நான்கு பேரை 2007இலும் ஐந்தாமவரை 2009இலும் காட்டினார்கள். இதில் வேடிக்கை, அந்த ஐவர் யார் என்பதை எழுதியவர்களே மூன்றாவது சீசன் நடக்கும்போதுதான் முடிவு செய்தார்கள். அதற்கு முந்தைய தடயமெல்லாம் ரசிகர்களின் சொந்தச் சரக்கு.

இந்தத் தேடலில் கைநழுவிப் போனவர் கர்னல் சால் டை. சைலான் சிறையில் ஒரு கண்ணை இழந்தவர். அவர்களுக்குத் தகவல் கொடுத்ததற்காக மனைவி எலனுக்குத் தன் கையாலேயே விஷம் கொடுத்தவர். அவள் தகவல் கொடுத்ததே அவரைக் காப்பாற்றத்தான். பிறகு பார்த்தால் அவரே சைலான், கடைசியில் எலனும். நெற்குப்பை வீட்டில் இதைச் சொன்னபோது அப்பத்தா கேட்டது வேறு: “அது கெடக்கட்டும்டா, பொண்டாட்டியக் கொன்னவனுக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சா?” எந்த ரசிகரின் பட்டியலையும்விட இது நல்ல விமர்சனம்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ இயந்திர நாய் என்பதை யாரும் மறைக்கவில்லை. அதனால் அது என்ன யோசிக்கிறது என்றே கவனித்தோம். கர்னலையும் அப்படிப் பார்த்திருக்கலாம். தான் யாரென்று தெரிந்த அடுத்த நிமிடம், அவர் வழக்கம்போலத் தன் தளபதியின் பக்கத்தில் போய் நிற்கிறார்.