கிளிவ்டன்: நீச்சல் குளத்தைத் தாண்டி

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதியைப் பார்த்தபடி குன்றின்மேல் நிற்கும் கிளிவ்டன் மாளிகையைப் பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் நீச்சல் குளத்தில்தான் போய் நிற்கிறது. 1961 ஜூலையில் போர்த்துறை அமைச்சர் ப்ரொஃப்யூமோ அங்கே கிறிஸ்டின் கீலரைப் பார்த்தார். 1963இல் பதவி போனது. சுவாரசியமான சங்கதிதான், மறுக்கல. ஆனா அந்த வீட்டுக்கு இதைவிடக் கனமான ஒரு கதை இருக்கு.

பழைய வீடு 1849இல் எரிந்துபோக, 2ஆம் சதர்லாந்து பிரபு, சார்ல்ஸ் பாரியை வைத்து 1851இல் இப்போதுள்ளதைக் கட்டினார். பிரபுவின் மனைவி ஹாரியட் விக்டோரியா அரசியின் நெருங்கிய தோழி, அமெரிக்க அடிமைமுறைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர். அதற்குத்தான் 1853இல் நியூயார்க் ட்ரிப்யூனில் கார்ல் மார்க்ஸ் அவரை விளாசினார். 1814 முதல் 1820 வரை ஸ்காட்லாந்தில் 15,000 பேரை விரட்டிவிட்டு செம்மறி ஆடு மேய்த்த குடும்பம், அடிமைகளுக்காகக் கண்ணீர் விடுவதா என்று.

எனக்கு இதில் ஒரு நெருடல். விரட்டியது மாமியார் காலத்தில். மார்க்ஸ் அதை மருமகள் தலையில் கட்டுகிறார். தவிர, குடும்பச் சொத்தில் பெரும்பங்கு இங்கிலாந்து நிலங்களிலிருந்து வந்தது. அதனால் 'விரட்டப்பட்டவர் காசில் கட்டிய வீடு' என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியில்லை. பட்டத்தின் பெயர் மட்டும் அந்த மண்ணுடையது. மாளிகையை ரசிக்கிறவர்கள் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை என்பதுதான் என் குறை.

தோட்டத்தைப் பற்றியும் அப்படித்தான். மாளிகைக்குத் தெற்கே விரியும் அந்தப் பிரம்மாண்டமான பாத்திக் கோலத்தை வடிவமைத்தவர் தலைமைத் தோட்டக்காரர் ஜான் ஃப்ளெமிங். கோடைப்பூ முடிந்ததும் பாத்திகளை வெறுமனே போட்டுவைப்பது அன்றைய வழக்கம். அவரோ இலையுதிர் காலத்திலேயே துலிப், பான்சி என்று நட்டு வசந்தத்திலும் பூக்கவைத்தார். 1870இல் அதுபற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

1942இல் ஆஸ்டர் குடும்பம் இடத்தை நேஷனல் ட்ரஸ்டுக்குக் கொடுத்தது. 1980களில் வீடு ஹோட்டலானது. தோட்டத்தை யாரும் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம், அறை வேண்டுமானால்தான் பை கனமாக இருக்கணும். மாளிகை உச்சியில் சுற்றிவரப் பொறித்த லத்தீன் வாசகத்தை எழுதியவர், பின்னால் பிரதமரான கிளாட்ஸ்டன். அதில் பாரியின் பெயர் இருக்கு. ஃப்ளெமிங் பெயர் இல்லை.