அவையில் எழும் மாற்றுக்குரல்

கெடா மாநிலத்துத் தமிழர்க்குக் கூடுதல் என்பது புதிதன்று. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாலிங், அலோர் ஸ்டார் முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளிக் கூடமோ இருந்தால் போதும். அங்கு ஒரு கூட்டம் நிகழ்ந்திருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மாலை, பொன்னாடை, நன்றியுரை என அது முடியும். இத்தகைய அவைகளில் இலக்கியவாணரோடு அறிவியல் மேதைகளின் பெயர்களும் ஒலிப்பதுண்டு. ஐன்ஸ்டைன் பெயரும் சர் சி. வி. இராமன் பெயரும் கூறப்பெற்றதும் கைதட்டல் எழும். ஆனால் அம்மேதைகள் தம் அவைகளில் எவ்வாறு பேசிக்கொண்டனர் என்பதைப் பேச்சாளர் எவரும் விரித்துரைப்பதில்லை. தமிழில் அவர்களைப் பற்றி வரும் நூல்களும் பெரும்பாலும் தனிமனிதப் புகழ்மாலைகளாகவே அமைகின்றன. அவர்கள் கூடி வாதிட்ட வரலாறு விடுபட்டுப் போகிறது. எழுத்தாளர்க்கும் எழுத்தாளர் மன்றங்களுக்கும் பயன்படும் பகுதி அந்த விடுபட்ட பகுதியே எனலாம்.

பிரசல்ஸ் நகரத்து அவை

1900ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் மாக்ஸ் பிளாங்க் பெர்லின் நகரில் ஒரு கருத்தை வெளியிட்டார். வெப்பமும் ஒளியும் ஓயாத ஒழுக்காக வெளிப்படுவதில்லை, தனித்தனிக் கூறுகளாகவே வெளிப்படுகின்றன என்ற அக்கருத்துத்தான் குவாண்டம் கொள்கையின் வித்து. இரப்பர் மரத்தின் வெட்டில் பால் கோடாக வழிந்தாலும் மங்கில் அது சொட்டுச் சொட்டாகவே விழுவதைக் கண்ட தோட்ட மக்களுக்கு இவ்வுண்மையை உணர்த்துவது அரிதன்று. ஆனால் அக்காலத்து இயற்பியலார்க்கு இஃது ஏற்க இயலாததாக இருந்தது. அதனை வெளியிட்ட பிளாங்கே நெடுநாள் தயங்கினார்.

அத்தயக்கத்தைத் தீர்க்கவே 1911ஆம் ஆண்டு இறுதியில் பெல்ஜியத் தொழிலதிபர் எர்னஸ்ட் சால்வே, பிரசல்ஸ் நகரில் ஏறத்தாழ இருபதுக்கும் மேற்பட்ட அறிஞரைக் கூட்டினார். லோரன்ட்ஸ் தலைமை தாங்கினார். பிளாங்க், ரதர்ஃபோர்டு, மேரி கியூரி, புவான்காரே முதலிய முதிர்ந்த அறிஞரோடு 32 வயதே ஆன ஐன்ஸ்டைனும் அமர்ந்திருந்தார். அவையின் அமைப்பு ஈண்டுக் கருதத்தக்கது. கட்டுரைகள் முன்னரே எழுதப்பெற்றன. அவையில் அவற்றின் மீது விவாதம் நிகழ்ந்தது. பின்னர் நூல் வெளிவந்தபோது கட்டுரையோடு அதன்மீது எழுந்த வினாக்களும் மறுப்புகளும் சேர்த்தே அச்சிடப்பெற்றன. மாநாட்டு மலர் என்றால் வாழ்த்துச் செய்திகளும் நிழற்படங்களும் என்றே பழகிவிட்ட சமுதாயம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நூலில் நிலைபெற்றவை வாழ்த்துகள் அல்ல, ஐயங்கள்.

1927ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அதே நகரில் ஐந்தாம் மாநாடு கூடியது. அப்போது எடுத்த நிழற்படம் உலகப் புகழ் பெற்றது. அதில் உள்ள 29 பேரில் 17 பேர் அதற்கு முன்போ பின்போ நோபல் பரிசு பெற்றவர்கள். ஆனால் அம்மாநாட்டின் சிறப்பு அந்த எண்ணிக்கையில் இல்லை. ஐன்ஸ்டைன் புதிய கொள்கையை ஏற்கவில்லை. விடுதியில் காலை உணவின்போது அவர் ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துவைத்து, இங்கே உங்கள் கொள்கை தவறுகிறது என்பார். நீல்ஸ் போர் பகலெல்லாம் அதனை எண்ணி, இரவு உணவு வேளையில் விடை கூறுவார். மறுநாள் வேறொரு சோதனை எழும். இருவர்க்கும் நண்பரான எரென்ஃபெஸ்ட், சார்பியலை எதிர்த்தோர் முன்பு ஐன்ஸ்டைனிடம் நடந்துகொண்டவாறே இன்று ஐன்ஸ்டைன் நடந்துகொள்கிறார் என்று அவர் முகத்திற்கு நேரேயே கடிந்துரைத்தார். புகழின் உச்சியில் இருந்த ஒருவரை அவர்தம் நண்பரே அவ்வாறு கூற முடிந்தது, நட்பும் முறியவில்லை.

1930ஆம் ஆண்டு மாநாட்டில் ஐன்ஸ்டைன், கடிகாரம் பொருத்திய ஒரு பெட்டியைக் கற்பனை செய்தார். அதிலிருந்து ஓர் ஒளித்துகள் வெளியேறும் நேரத்தையும், பெட்டியை எடையிடுவதால் அதன் ஆற்றலையும் ஒருங்கே துல்லியமாக அறியலாம். ஆகவே குவாண்டம் கொள்கை பிழையுடையது என்றார். நீல்ஸ் போர் அன்றிரவு அமைதியிழந்தார். மறுநாள் காலை, ஈர்ப்பு விசை கடிகாரத்தின் ஓட்டத்தையே மாற்றும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கையைக் கொண்டே ஐன்ஸ்டைனுக்கு விடை கூறினார். எதிர்த்தவரின் கருவியே எதிர்ப்புக்கு விடையாயிற்று. அத்துணைக் கூர்மையான மறுப்பு எழுந்திராவிடில் அத்துணைத் தெளிவான விளக்கமும் பிறந்திராது.

அவ்வவைக்கும் குறை உண்டு. அழைக்கப்பெற்றோர் மட்டுமே அங்கு நுழைய முடிந்தது. 1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டைனே செருமானிய மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். துகள்களை எண்ணும் முறையையே மாற்றியமைத்த அந்தப் போஸ் 1927ஆம் ஆண்டு நிழற்படத்தில் இல்லை. ஆசியாவின் அறிவு அந்த மேசைக்குக் கடிதமாகவே சென்றடைந்தது.

கல்கத்தாவும் சென்னையும்

மேசைக்கு அழைக்கப்பெறாதோர் தமக்கென மேசைகளை அமைத்துக்கொண்டனர். அவர்களுள் தமிழர் பங்கு பெரிது. வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செயல்முறை ஆசிரியராக இருந்தபோது, நண்பகல் உணவு வேளையில் மாணவர் யாரும் வந்து எதையும் வினவலாம் என்னும் முறையைத் தொடங்கினார். பாடத்திட்டமும் தேர்வும் இல்லாத கூட்டம் அது. பின்னர் அவர் கல்கத்தா சென்று, திருவானைக்காவலில் பிறந்த இராமனின் குழுவில் சேர்ந்தார்.

பௌபஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய அந்த ஆய்வுக்கூடத்தில் செல்வ வளம் இல்லை. உரையாடல் வளம் இருந்தது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் இரவு, ஏறத்தாழ ஒன்பது மணிக்கு, ஆசிரியர் இராமன் மாணவர் கிருஷ்ணனின் வீடு தேடிச் சென்றார். அன்று காலை கண்ட மங்கிய ஒளி, கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் கணக்கால் முன்னுரைத்த விளைவாகவே இருத்தல் வேண்டும் என்று உணர்ச்சி பொங்கக் கூறினார். கிருஷ்ணனின் நாட்குறிப்பு இதனைக் காட்டுகிறது. ஐரோப்பாவில் தாளில் எழுதப்பெற்ற ஒரு கருத்துக்குக் கல்கத்தாவின் ஓர் இரவு உரையாடலில் உயிர் வந்தது. பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு உறுதியாயிற்று. மார்ச்சு 31ஆம் நாள் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரையில் இருவர் பெயரும் இடம்பெற்றன. 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவர்க்கே வந்தது. பரிசு தனிமனிதனைத் தேடும் இயல்பினது. வரலாறு எழுதுவோரும் அதனையே பின்பற்றுதல் பொருந்தாது.

அதே 1928ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னை வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைச் சென்று கண்டு, அவர்தம் நூலைத் தாம் கற்றதாகப் பெருமையுடன் கூறினார். அந்நூல் பழையதாகிவிட்டது, இயற்பியலே மாறிவிட்டது என்றார் நூலாசிரியர். தம் நூலைத் தாமே பழையதென்று ஓர் இளைஞனிடம் ஒப்புக்கொண்டு, அச்சேறாத தம் புதிய கட்டுரையின் படியையும் அளித்தார். அச்சந்திப்பின் பயனாகச் சந்திரசேகர் எழுதிய ஆய்வுக்கட்டுரை மறு ஆண்டே இலண்டனில் வெளிவந்தது.

எல்லா அவைகளும் இவ்வாறு அமைந்துவிடவில்லை. 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியற் கழகத்தில், 24 வயதுச் சந்திரசேகர் தம் முடிவை வைத்தார். ஒடுங்கிய விண்மீனின் நிறை ஓர் எல்லையைக் கடந்தால் அது வெண்குறுமீனாக நிலைக்க இயலாது என்பது அம்முடிவு. அடுத்துப் பேசிய எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. இளைஞர்க்கு மறுமொழி கூறும் வாய்ப்புக் கிட்டவில்லை. நீல்ஸ் போர், பவுலி முதலியோர் சந்திரசேகர் கூறுவதே சரி என்று தனிமுறையில் ஏற்றனர். ஆயினும் வெளிப்படையாகக் கூற முன்வரவில்லை. நோபல் பரிசு 1983ஆம் ஆண்டில்தான் வந்தது. எடிங்டனின் ஏளனத்தைவிட, உண்மையை உணர்ந்தோரின் மௌனமே கொடிது. பிரசல்ஸில் நிகழ்ந்தது சமமானவர்களின் மறுப்பு; இலண்டனில் நிகழ்ந்தது பெரியவரின் நகைப்பு. முன்னது விடையை வேண்டி நின்றது. பின்னது வினாவையே அடைத்தது.

சென்னையில் 1959ஆம் ஆண்டளவில் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் குடும்ப இல்லமாகிய ஏகாம்ர நிவாசத்தில் இயற்பியல் கருத்தரங்கை நடத்தினார். இளம் மாணவர் சிலரே கூடிய வீட்டுக் கூட்டம் அது. 1960இல் சென்னை வந்த நீல்ஸ் போர் அக்குழுவைக் கண்டு வியந்து பாராட்டினார். 1962ஆம் ஆண்டு சனவரியில் அதுவே கணித அறிவியல் நிறுவனமாக மலர்ந்தது. நிறுவனம் எழும்வரை வினாக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வினாக்கள் எழுந்த இடத்தில் நிறுவனம் பின்னர் எழக்கூடும்.

பெரட்டுக் களத்தின் நிழல்

இவ்வரலாற்றைக் கொண்டு கெடாவின் கூட்டங்களை மதிப்பிடும்போது ஓர் உண்மையை மறத்தலாகாது. தோட்டப்புறத்துத் தமிழன் முதன்முதலில் அறிந்த கூட்டம் பெரட்டுக் களம். இருள் விலகுமுன் மக்கள் வரிசையாக நிற்பர், பெயர் அழைக்கப்பெறும், வேலை பிரிக்கப்பெறும். துரையும் கிராணியும் கங்காணியும் கூறுவதே சொல். அங்கு வினவுதல் குற்றம். தலைமுறை தலைமுறையாக அவ்வரிசையில் நின்ற மக்கள், மேடையில் இருப்பவர் பேசுவதும் கீழே இருப்பவர் கேட்பதுமே அவை ஒழுங்கு என்று கருதியதில் வியப்பில்லை. ஆனால் அதே மண்ணில்தான், 1946, 1947ஆம் ஆண்டுகளில், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். அவ்வியக்கம் ஒடுக்கப்பெற்றபோதிலும், வரிசையில் நின்றவர் மாற்றுக்குரல் எழுப்ப வல்லவர் என்பதனை அது நிறுவியது.

மலேசியத் தமிழ் இலக்கியத்திலும் இத்தகைய முன்மாதிரி உண்டு. 1950ஆம் ஆண்டளவில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசன் நாளிதழில் கதை வகுப்பு நடத்தி, எழுதப் பழகுவோரின் படைப்புகளை வெளிப்படையாக மதிப்பிட்டனர். 1952இல் தமிழ் நேசன் பணிக்கு வந்த கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளின் நிறைகுறைகளை எழுத்தாளர் முகத்திற்கு நேரே ஆராய்ந்தார். அம்மரபு நாடெங்கும் வேரூன்றியிருந்தால் நூல் வெளியீட்டு விழாக்கள் இன்று வேறு வகையில் அமைந்திருக்கும். இன்றோ, நூலைப் படிக்காதவர் பாராட்டுகிறார். படித்தவர் வாளாவிருந்து, கூட்டம் கலைந்தபின் தேநீர்க் கடையில் குறை கூறுகிறார். இலண்டன் அவையின் மௌனம் இங்கும் நிலவுகிறது.

அறிவியலில் சோதனை நடுவராக நிற்கும். இலக்கியத்திற்கு அத்தகைய நடுவர் இல்லை. ஆகவே விவாதம் பகையாகவே முடியும் என்று சிலர் கூறக்கூடும். இக்கூற்று முழுதும் பொருந்தாது. 1927ஆம் ஆண்டு விவாதத்தை அன்று எந்தச் சோதனையும் தீர்த்துவைக்கவில்லை. 1955இல் மறையும்வரை ஐன்ஸ்டைன் உடன்படவும் இல்லை. உடன்பாடு இன்றியும் மதிப்பு நிலைத்தது. அஃது இயற்பியலுக்கே உரிய தனிச்சிறப்பன்று, பழக்கத்தால் வருவது. திருக்குறள், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்திருக்கிறது. முன்னதைக் காத்த அளவிற்குத் தமிழர் பின்னதைக் காக்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பெற்று மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபின், கூடும் இடங்களும் மாறிவிட்டன. ஆயினும் கெடாவில் தமிழ் படிப்போரும் எழுதுவோரும் உள்ளனர். பெரிய மண்டபமும் ஒலிபெருக்கியும் இதற்கு வேண்டுவதில்லை. பத்துப் பேர் அமரும் ஒரு வீட்டு முன்கூடம் போதும். கட்டுரையோ கதையோ முன்கூட்டியே அனைவர் கையிலும் தரப்பெறுதல் வேண்டும். வாழ்த்துரைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியேனும் மறுப்புரைக்கு ஒதுக்குதல் வேண்டும். முதலில் இளையவர் பேச, முதியவர் பின்னர்ப் பேசுதல் வேண்டும். எழுந்த வினாக்கள் எழுத்தில் பதிவாதல் வேண்டும். மாலையும் பொன்னாடையும் வேண்டுமாயின் அவை இறுதியில் வரட்டும். மிகக் கடினமான வினாவை எழுப்பியவர்க்கே அவற்றைச் சூட்டலாம்.