குந்தி உட்கார்ந்தால்தான் பொடுதலை தெரியும்

வயல் வரப்பு, குளக்கரை, வாய்க்கால் ஓரம் என்று ஈரம் தங்குகிற இடமெல்லாம் பொடுதலை படர்ந்திருக்கும். தினமும் மிதித்துக்கொண்டு போகிறோம். நின்ற வாக்கில் பார்த்தால் அது வெறும் பச்சைதான். குந்தி உட்காருங்கள், முழங்காலில் சேறு பட்டால் படட்டும்.

முதலில் கொடியின் நுனியைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டிருப்பதால் லேசில் வராது. வரப்பு மண்ணை மழைக்குக் கரையவிடாமல் பிடித்து வைப்பது இந்தப் பிடிதான். பிறகு இலை. காம்புப் பக்கம் ஒடுங்கி, நுனிப்பக்கம் அகன்றிருக்கும். விளிம்பில் பல் மேல்பாதியில் மட்டுமே. இந்த அடையாளம் போதும், வேறு கொடியோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

இனி பூ. அவசரம் வேண்டாம். இலைக்கக்கத்திலிருந்து விரல் நீளக் காம்பு ஒன்று எழும்பி நிற்கும். அதன் உச்சியில் கருஞ்செந்நிறச் செதில்கள் அடுக்கிய சின்னக் கொண்டை. கொண்டையைச் சுற்றி ஒரே ஒரு வரிசை வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்: தொண்டையில் மஞ்சள் பொட்டு இருக்கும். பூ முதிர முதிர அது ஊதாவாகிவிடும். பக்கத்திலுள்ள இளம்பூவையும் முதிர்ந்ததையும் ஒப்பிட்டால் உடனே புரியும். இதன் குடும்பத்தைச் சேர்ந்த உண்ணிச்செடிக்கும் இப்படி நிறம் மாறும் வழக்கம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த வளையம். பூக்கள் அடியிலிருந்து மலர்ந்துகொண்டே போவதால், வளையம் நாளுக்கு நாள் கொண்டையில் மேலே ஏறும். கொண்டையும் கூடவே நீளும். மிளகு போல் உருண்டையாக இருந்தது, கடைசியில் திப்பிலி போல் ஆகிவிடும். வடமொழியில் இதற்கு ஜலபிப்பலி, அதாவது நீர்த்திப்பிலி, என்று பெயர் வைத்தவர் இதே மாதிரி குந்தி உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருப்பார். ஒரு கொண்டைக்குப் பக்கத்தில் குச்சி நட்டு வையுங்கள். ஒரு வாரம் தினமும் போய்ப் பாருங்கள்.

வெயில் ஏறியதும் வண்ணத்துப்பூச்சிகள் வரும். அவற்றில் இறக்கையில் மயில் கண் வைத்த மயில் வசீகரன் என்ற வகையின் புழு இந்த இலையைத் தின்றும் வளரும். அதனால் இலை கடிபட்டிருந்தால் வருத்தப்படாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

பொடுகைப் போக்குவதால் இந்தப் பெயர் என்பார்கள். என் பாட்டி இலையை இடித்துப் பிழிந்து, சாறு எவ்வளவோ அவ்வளவு நல்லெண்ணெய் விட்டுச் சிறு தீயில் காய்ச்சுவாள். சடசடப்பு அடங்கினால் நீர் வற்றிவிட்டது, இறக்கலாம். மூலக்கடுப்புக்கு நெய்யில் வதக்கித் துவையல் அரைப்பதும் உண்டு. இஞ்சி, புளி, உப்பு, கறிவேப்பிலை சேர்ந்தால் இலையின் லேசான கசப்பு சாதத்தோடு நன்றாகவே போகும். சாக்கடை ஓரத்திலும் மருந்தடித்த வயலிலும் மட்டும் பறிக்காதீர்கள். பறிக்கும்போது நுனியைக் கிள்ளினால் போதும். கணுவில் வேர் இருக்கிறது, அது மறுபடி துளிர்க்கும்.